கண்காணாத தொழிற்சாலையில் சரக்கு வாங்குவது

வெளிநாட்டிலிருந்து சரக்கு தருவிக்கும் தொழிலில் விலை பேசுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. நாலு சப்ளையரிடம் கேட்டால் இரண்டே நாளில் நாலு விலை வந்துவிடும். சிக்கலெல்லாம் அதற்குப் பின்னால். சரக்கு கப்பலேறி, பணமும் முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகு குறை தெரியவந்தால், சப்ளையர் நல்ல மனிதராகவே இருந்தாலும் வருத்தம் தெரிவிப்பார், அடுத்த ஆர்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். திருப்பி அனுப்பிவிடலாமே என்று கணக்குப் போட்டால், கப்பல் கூலியும் இரண்டு பக்கத்துச் சுங்க நடைமுறையும் சேர்ந்து சரக்கின் மதிப்பையே விழுங்கிவிடும். ஆகவே கேட்க வேண்டியது, பார்க்க வேண்டியது, எழுதி வாங்க வேண்டியது எல்லாம் பணம் நம் கையில் இருக்கும்போதே முடிந்தாக வேண்டும். இந்த வரிசை சரியாக அமைந்தால் சுமாரான சப்ளையரிடம்கூட ஒழுங்கான சரக்கு வாங்கலாம். வரிசை தப்பினால் நல்ல சப்ளையரிடமும் ஏமாற்றம்தான்.

எதிரே இருப்பவர் யார்?

பேசுகிறவர் தொழிற்சாலைக்காரரா, இடையில் நிற்கும் வியாபாரியா என்பது முதலில் தெரிய வேண்டும். வியாபாரியாக இருப்பதில் தவறொன்றும் இல்லை. பத்து வகைப் பொருளைச் சிறு அளவில் வாங்குகிறவருக்கு, பல இடங்களில் திரட்டி ஒரே கன்டெய்னரில் ஏற்றித் தரும் வியாபாரிதான் தோது. தொழிற்சாலைக்காரர் மாதிரி நடிக்கும் வியாபாரிதான் பிரச்சினை. குறை வந்தால் அவரால் எதையும் சரிசெய்ய முடியாது. உண்மையான தொழிற்சாலை எதுவென்று நமக்கும் தெரியாது.

வணிக உரிமத்தின் நகலைக் கேளுங்கள். சீன நிறுவனமென்றால் அதில் 18 எழுத்து-இலக்கம் கொண்ட பதிவு எண் இருக்கும். தொழில் வரம்பு என்ற பகுதியில் உற்பத்தி என்று இருக்கிறதா, வெறும் வர்த்தகம் என்று இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அங்கே சட்டப்படி செல்லுபடியாவது சீன மொழிப் பெயர்தான். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டு ஒப்பந்தம் எழுதினால், பிறகு வழக்கென்று வரும்போது எதிராளியை அடையாளம் காட்டுவதே பெரும்பாடாகிவிடும். சீன மொழிப் பெயரும் வட்ட வடிவச் சிவப்பு முத்திரையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வங்கிக் கணக்கின் பெயர் உரிமத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். சில ஏற்றுமதியாளர்கள் வேறு நாட்டில் பதிவான துணை நிறுவனத்தின் கணக்கில் பணம் வாங்குவது வழக்கம்தான். அப்படியென்றால் இரண்டு நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை முத்திரையிட்ட கடிதத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். தனிநபர் கணக்கு என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

வீடியோவில் தொழிற்சாலையைக் காட்டச் சொன்னால் ஷோரூமைத்தான் காட்டுவார்கள். மூலப்பொருள் கிடங்கையும், மூட்டையில் ஒட்டியிருக்கும் லேபிளையும், அன்றைய உற்பத்திப் பலகையையும் கேட்க வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு, பலரும் கேட்காதது: எந்தெந்த வேலை வெளியே போகிறது? முலாம் பூசுவது, பெயின்ட், அச்சிடுவது, தையலில் பட்டன் வைப்பது போன்றவற்றைப் பெரும்பாலும் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கொடுப்பார்கள். தாமதமும் தரக்குறைவும் அங்கேதான் பிறக்கும். தொழிற்சாலையைத் தணிக்கை செய்தவர் அந்தப் பட்டறைப் பக்கம் போயிருக்கவே மாட்டார்.

எழுதாதது கிடைக்காது

"படத்தில் உள்ளது போல, நல்ல தரத்தில்" என்று ஆர்டர் கொடுத்தால், சப்ளையர் தன் விலைக்குக் கட்டுப்படியாகும் தரத்தில்தான் செய்வார். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று விவரிக்கும் ஸ்பெக் தாளில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன வேண்டும், எவ்வளவு ஏற்ற இறக்கம் பரவாயில்லை, அதை எப்படிச் சோதிப்பது.

எவர்சில்வர் பொருளை எடுத்துக்கொள்வோம். 304 ரகம் கேட்டால் 201 ரகம் வந்து சேர்வது சகஜம். 304-இல் நிக்கல் குறைந்தது 8 சதவீதம், மாங்கனீசு 2 சதவீதத்துக்கு மேல் இருக்காது. 201-இல் நிக்கல் 3.5 முதல் 5.5, மாங்கனீசு 5.5 முதல் 7.5 சதவீதம். விலை குறைவதற்கும், உப்பு ஈரம் பட்டால் சீக்கிரம் துரு ஏறுவதற்கும் காரணம் அதுவே. காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. வளைத்து அடித்த இடத்தில் 304-உம் லேசாக ஒட்டும். ஆகவே தாளில் "304" என்று மட்டும் எழுதாமல், கையடக்க எக்ஸ்ரே கருவியிலோ ஆய்வகத்திலோ நிக்கல், மாங்கனீசு அளவு சோதிக்கப்படும் என்றும் எழுத வேண்டும். சோதனை உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தாலே ரகம் மாறுவது பெருமளவு நின்றுவிடும்.

துணியென்றால் சதுர மீட்டர் எடை, அதில் கூடக் குறைய 5 சதவீதம், துவைத்த பிறகு எவ்வளவு சுருங்கலாம், துவைக்கும் வெப்பநிலை என்ன என்பது வரை போக வேண்டும். நிறத்துக்கு பான்டோன் என்ற நிற அட்டவணையின் எண் கொடுக்கும்போது, அது காகிதத்துக்கான எண்ணா துணிக்கான எண்ணா என்பதையும் குறிப்பிட வேண்டும். எந்த விளக்கொளியில் ஒப்பிடுவது என்பதும் முக்கியம். டி65 என்ற பகலொளி விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் கடை விளக்கில் வேறுவேறாகத் தெரியலாம்.

தேதியில் 03/04 என்று எழுதினால் ஒருவருக்கு அது மார்ச், இன்னொருவருக்கு ஏப்ரல். மாதத்தைப் பெயரால் எழுதிவிட்டால் வம்பில்லை. அளவெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கட்டும். தாளுக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, பர்ச்சேஸ் ஆர்டரில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் தொழிற்சாலைத் தரையில் பழைய தாள்தான் ஒட்டியிருக்கும்.

பிறகு சாம்பிள். சாம்பிள் அறையில் கைதேர்ந்த ஒரு தொழிலாளி பொறுமையாகச் செய்த பொருள், உற்பத்தி வரிசையில் என்ன வரும் என்பதைக் காட்டாது. மொத்த உற்பத்திக்கான மூலப்பொருளில், அதே இயந்திரத்தில் செய்த சாம்பிளைத்தான் இறுதியாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் மூன்று செட் எடுத்துக் கையெழுத்திட்டு முத்திரை வைத்து, தொழிற்சாலையிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று, இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறவரிடம் ஒன்று. "இது ஓகே, கைப்பிடியை மட்டும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி ஒப்புதல் கொடுப்பது வினையை விலைக்கு வாங்குவது. மாற்றிய சாம்பிள் திரும்ப வரட்டும். ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

அச்சு செய்து வார்க்கும் பொருளென்றால் அச்சு யாருடையது என்பதைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். அச்சின் மேல் நம் பெயரைப் பொறிக்கச் செய்து, எந்த உலோகம், எத்தனை வார்ப்பு வரை உத்தரவாதம், கேட்டால் எத்தனை நாளில் ஒப்படைப்பார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். அச்சுக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே அது நம்முடையதாகிவிடாது.

பேச்சும் எழுத்தும்

"முடியும்", "பிரச்சினையில்லை" என்ற பதில்களுக்குப் பெரும்பாலும் "கேட்டுக்கொண்டேன்" என்றுதான் அர்த்தம். ஆம் இல்லை என்று முடிகிற கேள்வியைத் தவிர்த்து, எப்படிச் செய்வீர்கள், எந்த இயந்திரத்தில், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால், தெரிந்தவர் விவரம் சொல்வார். தெரியாதவர் மறுபடியும் பிரச்சினையில்லை என்பார். அதிலேயே ஆளைக் கணித்துவிடலாம். முக்கியமான தேவையை அவர்கள் சொந்த வார்த்தையிலோ வரைபடமாகவோ திருப்பி அனுப்பச் சொன்னால், புரிந்ததும் புரியாததும் வெளியே வந்துவிடும்.

சாட்டில் பேசி முடிவானதை அன்றைக்கே மின்னஞ்சலில் எண் போட்டு எழுதி, தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆளையும் அதில் சேர்க்க வேண்டும். ஆர்டர் பிடிக்கும் விற்பனைப் பிரதிநிதி அடிக்கடி வேலை மாறுவார். அவரோடு போன பேச்சுக்கு அடுத்தவர் பொறுப்பேற்க மாட்டார்.

கெட்ட செய்தியைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. தினமும் பதில் போட்டவர் திடீரென்று அமைதியானால் உற்பத்தி தடுமாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆர்டர் கொடுக்கும்போதே கட்டங்களைத் தேதியோடு வகுத்துவிட்டால் இந்த ஊகம் தேவைப்படாது: மூலப்பொருள் வந்து இறங்கிய நாள், முதல் பொருள் தயாரான நாள், பாதி முடிந்த நாள், பேக்கிங் முடிந்த நாள். ஒவ்வொன்றுக்கும் படம் வர வேண்டும். முதல் தேதி தவறினாலே கடைசித் தேதியும் தவறும். ஆறு வாரம் கழித்துக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டியதில்லை.

விடுமுறைக் கணக்கு தனி. சந்திர நாட்காட்டிப்படி வரும் சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் விழும். வியட்நாமின் டெட் பண்டிகையும் அதையொட்டியே. காகிதத்தில் விடுமுறை ஒரு வாரம்தான். ஆனால் சொந்த ஊர் போகும் தொழிலாளர்கள் முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள், எல்லோரும் திரும்பி வருவதுமில்லை. விடுமுறைக்கு முந்திய இரண்டு வாரத்தில் அவசர அவசரமாக முடித்த சரக்கிலும், பிந்திய வாரங்களில் புது ஆட்கள் செய்த சரக்கிலும் குறை அதிகம் இருக்கும். அந்தச் சமயத்து ஆர்டருக்கு இன்ஸ்பெக்‌ஷனைக் கட்டாயமாக்க வேண்டும். சீனாவில் அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. வங்கதேசம், துருக்கி, இந்தோனேசியாவிலிருந்து வாங்குகிறவர்கள் ஈகைத் திருநாளைப் பார்க்க வேண்டும். அது ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும் என்பதால் போன வருஷத்து அட்டவணை இந்த வருஷம் உதவாது.

பணம் நகரும் இடங்கள்

பரவலான ஏற்பாடு 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 70. இதில் 30-ஐக் குறைக்கப் பேரம் பேசுவதைவிட, 70 எப்போது போகிறது என்று பேசுவதே பயனுள்ளது. "கப்பலேற்றுவதற்கு முன்" என்று மட்டும் இருந்தால், சரக்கு தயார் என்று சொன்ன மறுநாளே பணம் கேட்பார்கள். "இன்ஸ்பெக்‌ஷனில் தேறிய அறிக்கை வந்த பிறகு" என்று இருந்தால் நிலைமை வேறு. "பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்த பிறகு" என்று சம்மதித்தால் இன்னும் நல்லது. சரக்கு உண்மையிலேயே கப்பலில் ஏறிவிட்டது என்பதற்கு, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான அந்த பில்தான் சான்று. அப்போதும் சரக்கை எடுக்கத் தேவையான அசல் பில் சப்ளையர் கையில் இருப்பதால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு.

நம் வங்கி சப்ளையருக்குப் பணம் தருவதாக உறுதி சொல்லும் கடிதமான எல்.சி. போட்டால் தரத்துக்கு உத்தரவாதம் என்று நினைப்பது தவறு. எல்.சி.க்கென 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகளின்படி வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது. ஆவணம் சரியாக இருந்தால் பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் பணம் போய்விடும். அதனால் எல்.சி.யில் கேட்கும் ஆவணங்களின் பட்டியலில், நாம் பெயர் குறிப்பிட்ட மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழையும் சேர்க்க வேண்டும். கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணம் வங்கிக்கு வர வேண்டும். வங்கி பரிசீலிக்க அதிகபட்சம் 5 வேலை நாள். அளவுக்கு முன்னால் "சுமார்" என்று எழுதினால் கூடக் குறைய 10 சதவீதம் வரை அனுப்பலாம் என்பதை மறந்து அந்தச் சொல்லைப் போடுகிறவர்கள் உண்டு. சின்ன ஆர்டருக்கு எல்.சி.யின் வங்கிச் செலவு கட்டாது.

அதிகம் பேர் பணம் இழப்பது இன்னொரு வழியில். சப்ளையரின் மின்னஞ்சல் கணக்குக்குள் யாரோ நுழைந்து, வாரக்கணக்கில் கடிதங்களைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். மீதிப் பணம் அனுப்ப வேண்டிய நாளன்று, அதே நடையில், அதே இன்வாய்ஸ் வடிவத்தில், "வங்கித் தணிக்கை நடப்பதால் இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்பவும்" என்று கடிதம் வரும். அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது அதுவும் மாறியிருக்காது. இதற்கு ஒரே மருந்து, ஏற்கெனவே நமக்குத் தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டு, குரல் தெரிந்த ஆளிடம் கணக்கு எண்ணைப் படித்துக் காட்டச் சொல்வது. அந்தக் கடிதத்திலேயே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால் மோசக்காரரே எடுத்து ஆமாம் என்பார். கணக்கு மாற்றம் மின்னஞ்சல் வழியாகச் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பணம் தவறான இடத்துக்குப் போன பிறகு, முதல் சில மணி நேரத்தில் வங்கிக்குச் சொன்னால்தான் மீட்க ஏதாவது வாய்ப்பு.

இன்ஸ்பெக்‌ஷன்

மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறைக்கு உலகெங்கும் பயன்படுவது ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணை. 3,000 பொருள் உள்ள லாட்டில், அதாவது தொகுப்பில், வழக்கமான ஆய்வு அளவான பொதுநிலை இரண்டின்படி 125 பொருளை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைக்கு அந்த அட்டவணையின் 2.5 என்ற ஏற்பு வரம்பை வைத்தால் 7 வரை தேறும், 8 இருந்தால் லாட் நிராகரிப்பு. சிறு குறைக்கு 4.0 என்றால் 10 வரை தேறும், 11-இல் நிராகரிப்பு. மின்கசிவு, கூர்மையான விளிம்பு போன்ற ஆபத்தான குறைக்கு 0. ஒன்றே ஒன்று இருந்தாலும் லாட் நிற்கும்.

அட்டவணையைவிட முக்கியம், எது பெரிய குறை, எது சிறு குறை என்று நாமே பட்டியல் எழுதித் தருவது. பட்டியல் இல்லாவிட்டால் ஆய்வாளர் தன் பொதுப் பட்டியலை வைத்துப் பார்ப்பார். மூடி சரியாக மூடாததைச் சிறு குறை என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். ஆய்வு நடக்கும் நேரத்தில் சரக்கு முழுதும் தயாராகி, குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் அடைபட்டிருக்க வேண்டும். தயாராகாமலே ஆய்வாளரை வரவழைத்தால் மறு ஆய்வுச் செலவு தொழிற்சாலையுடையது என்று முன்பே எழுதிக்கொள்ளலாம். பெட்டிகளை ஆய்வாளரே குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை பெட்டி திறப்பது என்பதற்கு மொத்தப் பெட்டி எண்ணிக்கையின் வர்க்கமூலம் வழக்கமான கணக்கு. 400 பெட்டிக்கு 20.

பெட்டியையும் விழவைத்துப் பார்க்க வேண்டும். பேக்கிங் சோதனைக்கான இஸ்டா 1ஏ முறையில் 10 வீழ்ச்சி: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். 9.5 கிலோவுக்குள் உள்ள பெட்டிக்கு 76 சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேல் சுமார் 18.5 கிலோ வரை 61 சென்டிமீட்டர். சேதம் பல நேரம் பொருள் மோசமானதால் வருவதில்லை. ஐந்தடுக்கு அட்டை கேட்ட இடத்தில் மூன்றடுக்கு அட்டை வந்ததால் வருவது.

முதல் ஆர்டரென்றால் கடைசி ஆய்வு மட்டும் போதாது, 20-30 சதவீதம் முடிந்த கட்டத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் நிறம் தவறு என்று தெரிந்தால் என்ன செய்ய முடியும்? ஆய்வில் சரக்கு தேறவில்லை என்றால், பிரித்துச் சரிசெய்து மறு ஆய்வு என்பதே வழி. "இப்போது ஏற்றிவிடுங்கள், பிறகு ஈடு தருகிறோம்" என்பதை ஏற்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வு நாளுக்கும் கப்பல் நாளுக்கும் இடையில் 7 முதல் 10 நாள் இடைவெளி வைக்காத அட்டவணையில் இன்ஸ்பெக்‌ஷன் வெறும் சடங்கு. நாளைக்கே கப்பல், கடையில் சரக்கு இல்லை என்ற நிலையில் அறிக்கை எவ்வளவு மோசமாக வந்தாலும் நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். தொழிற்சாலைக்கும் அது நன்றாகத் தெரியும்.

இரண்டு மூன்று ஆர்டர் நன்றாக வந்ததும் ஆய்வை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தரம் மெல்லக் கழலத் தொடங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். துணியின் எடை ஐந்து கிராம் குறையும், பிளாஸ்டிக்கில் மறுசுழற்சித் துகள் கூடும், திருகு இரும்பாகும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. முதல் ஆர்டரின் முத்திரையிட்ட சாம்பிளோடு தராசில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

கப்பலும் காகிதமும்

எந்தச் செலவும் பொறுப்பும் வாங்குகிறவருக்கு, எது விற்கிறவருக்கு என்று வகுக்கும் 2020-ஆம் ஆண்டு இன்கோடெர்ம்ஸ் விதிகளில் 11 சொற்கள் இருந்தாலும் நடைமுறையில் அடிபடுவது நாலைந்துதான். தொழிற்சாலையிலேயே சரக்கை ஒப்படைக்கும் எக்ஸ்-ஒர்க்ஸ் விலை மலிவாகத் தெரியும். ஆனால் அந்நாட்டில் ஏற்றுமதிச் சுங்க அனுமதி வாங்கும் பொறுப்பும் நம் தலையில். சப்ளையர் கப்பலில் ஏற்றித் தரும் எஃப்.ஓ.பி. பழகிய சொல். ஆனால் கன்டெய்னர் சரக்கைக் கப்பல் வருமுன்பே முனையத்தில் ஒப்படைத்துவிடுவதால், சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைப்பதோடு சப்ளையர் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ.தான் அதற்குப் பொருந்தும் என்பது விதிகளை வெளியிடும் சர்வதேச வணிகச் சபையின் பரிந்துரை. கப்பல் கூலியும் காப்பீடும் விலையிலேயே சேரும் சி.ஐ.எஃப்.இல், சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரைச் சப்ளையர் தேர்ந்தெடுப்பதால், கப்பல் கூலியைக் குறைத்துக் காட்டி, இறங்கும் துறைமுகத்தில் பலவகைக் கட்டணமாக நம்மிடம் வசூலித்துவிடுவார்கள். கன்டெய்னரைப் பலரோடு பகிர்ந்து அனுப்பும் எல்.சி.எல். சரக்கில் இது இன்னும் மோசம். சி.ஐ.எஃப்.இல் கட்டாயமான காப்பீடும் மிகக் குறைந்த 'சி' வகை. திருட்டு, மழைநீர் எல்லாம் அதில் அடங்காது. நம் ஃபார்வர்டரை நாமே வைத்து, விரிவான 'ஏ' வகைக் காப்பீட்டை இன்வாய்ஸ் மதிப்பு, கப்பல் கூலி இரண்டும் சேர்ந்த தொகையின் 110 சதவீதத்துக்கு எடுப்பது மேல்.

காப்பீடு ஏன் என்று கேட்பவர்களுக்கு எவர் கிவன் நல்ல உதாரணம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிய அந்தக் கப்பலில் பொதுச் சராசரி அறிவிக்கப்பட்டது. அதாவது கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்கள் எல்லோருக்கும் பங்கு. தன் சரக்குக்கு ஒரு கீறல்கூட விழாதவரும் பிணை கொடுத்தால்தான் சரக்கை எடுக்க முடியும். காப்பீடு இருந்தால் அந்தப் பிணையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும், இல்லையென்றால் ரொக்கம் கட்ட வேண்டும். 2023-இன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் ஆசியா-ஐரோப்பா கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில் பத்து பதினைந்து நாள் கூடியது. பயண நாளை மட்டும் வைத்து இருப்புக் கணக்குப் போட்டவர்களின் அலமாரி அப்போது காலி.

பெட்டி அளவை வடிவமைக்கும்போதே கன்டெய்னரை நினைக்க வேண்டும். உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். பெட்டியின் அகலம் 40 சென்டிமீட்டர் என்றால் குறுக்கே ஐந்துதான் போகும், 35 சென்டிமீட்டர் வீண். 38 சென்டிமீட்டர் என்றால் ஆறு போகும். 20 அடிக் கன்டெய்னரின் கொள்ளளவு 33 கன மீட்டர் என்று போட்டிருந்தாலும், பெட்டிச் சரக்கு 28-க்கு மேல் ஏறுவது அபூர்வம்.

மரத்தட்டு, மரப்பெட்டி இருந்தால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். பூச்சி ஒழிய மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது அல்லது புகைமூட்டப்பட்டது என்பதற்கு அது அடையாளம். முத்திரை இல்லாத ஒரே ஒரு தட்டுக்காக முழுக் கன்டெய்னரும் நிற்கும். வெப்பமான துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு குளிர்ந்த கடலைக் கடக்கும்போது, உள்ளிருக்கும் ஈரம் கூரையில் படிந்து சொட்டும். ஈரமான மரத்தட்டும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டியும்தான் அந்த ஈரத்தின் ஊற்று. ஈர உறிஞ்சிப் பைகளைத் தொங்கவிடுவதோடு, ஏற்றும்போது தட்டுகள் காய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆவணத்தில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் எடையும் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லின் வரைவு வந்தவுடன் சரிபார்க்க வேண்டும். கப்பல் கிளம்பியபின் திருத்துவதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் முதல் 6 இலக்கம் உலகப் பொது, அதற்கு மேல் இறக்குமதி நாட்டின் பகுப்பு. சப்ளையர் சொன்ன குறியீட்டை அப்படியே போடாமல் நம் சுங்க ஏஜென்டிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். வரிச்சலுகைக்கான பிறப்பிடச் சான்றிதழ் தேவையென்றால் அதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள், பின்தேதியிட்டு வாங்குவது பெரும் அலைச்சல். மதிப்பைக் குறைத்து இன்வாய்ஸ் போட்டுத் தருகிறோம் என்று சப்ளையரே முன்வருவார். சுங்கத்தில் மாட்டுவது ஒரு பக்கம். சரக்கு மூழ்கினால் காப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் கிடைக்கும்.

குறுகிய கடல் வழியில் கப்பல் சீக்கிரம் வந்துவிடும், அசல் பில் கூரியரில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் துறைமுகத்தில் இலவச நாள் முடிந்து டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். இப்படிப்பட்ட வழிக்கு, அசல் பில் இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலெக்ஸ் ரிலீஸ் பேசிக்கொள்வது நல்லது.

சரக்கு வந்த பிறகு

சீலைத் திறக்குமுன் கன்டெய்னர் எண், சீல் எண் இரண்டையும் படம் எடுத்து ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். வெளியே தெரியும் சேதத்தை டெலிவரி ரசீதிலேயே குறிக்க வேண்டும். கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் இடத்தில், வெளியே தெரியாத சேதத்துக்கு 3 நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குத் தொடுக்க ஓராண்டு. "பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்" என்று கிடங்கில் தள்ளிய சரக்குக்கு இந்தக் கெடு கைநழுவிவிடும்.

சப்ளையரிடம் புகார் சொல்லும்போது கோபத்தைவிட எண்ணிக்கை வேலை செய்யும். எத்தனை பெட்டி திறந்தோம், எத்தனை பொருள் எண்ணினோம், எத்தனையில் எந்தக் குறை, பெட்டி எண், படம், ஸ்பெக் தாளின் எந்த வரிக்கு முரண் என்று எழுதி, முடிவில் நமக்கு என்ன வேண்டும் என்பதையும் தொகையோடு சொல்ல வேண்டும். பணத்தைத் திரும்பக் கொடுப்பது அரிது. அடுத்த இன்வாய்ஸில் கழிப்பது, மாற்றுப் பொருளை அடுத்த சரக்கோடு இலவசமாக அனுப்புவது இரண்டும் நடக்கக்கூடியவை. கழிவு ஒரே ஆர்டரில் முழுதாக வர வேண்டும். மூன்று ஆர்டருக்குப் பிரித்தால் நாம் கட்டிப்போடப்படுகிறோம்.

வழக்கு என்று போனால், நம் நாட்டு நீதிமன்றத் தீர்ப்பைச் சப்ளையரின் நாட்டில் நிறைவேற்றுவது பல இடங்களில் நடவாத காரியம். வெளிநாட்டு நடுவர் மன்றத் தீர்ப்பை நிறைவேற்ற ஒப்புக்கொள்ளும் 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 170-க்கும் மேல் என்பதால், நடுவர் மன்றத் தீர்ப்பு நிறைவேற வாய்ப்பு அதிகம். ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவைச் சேர்க்க மறக்க வேண்டாம். நம் பிராண்ட் பெயரில் சரக்கு செய்தால், உற்பத்தி நாட்டிலும் வணிகக் குறியைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். சீனா போன்ற நாடுகளில் முதலில் பதிந்தவருக்கே உரிமை. நம் பெயரை வேறொருவர் பதிந்துவிட்டால் நம் சரக்கையே அங்கிருந்து ஏற்றுமதியாக விடாமல் தடுக்க முடியும்.

கண்டுபிடித்த ஒவ்வொரு குறையும் ஸ்பெக் தாளின் அடுத்த பதிப்பில் ஒரு வரியாக ஏற வேண்டும். ஆய்வாளரின் குறைப் பட்டியலிலும் அதே வரி. பழைய முத்திரை சாம்பிளை ரத்துசெய்து, புதியது வரும்வரை அடுத்த அட்வான்ஸை நிறுத்தி வைக்கலாம். ஒவ்வொரு சரக்கிலிருந்தும் இரண்டு பொருளைத் தேதியிட்டு எடுத்து வைப்பதற்கு ஓர் அலமாரி போதும். இரண்டாவது சப்ளையரிடம் விலை கேட்கும்போது அனுப்ப வேண்டியதும் அந்த அலமாரியில் உள்ளதைத்தான், கேட்டலாக் படத்தை அனுப்பினால் மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.